தேவாலயத்தைக் காத்த பந்தி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வழிபாடு நின்றுபோன தேவாலயத்தில் உணவகம் நடத்துவது அதைக் காப்பதா, அவமதிப்பதா என்பது இன்றைய தலைப்பு. காப்பதே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "மன்றாடிய இடத்தில் மசாலா மணக்கலாமா?" என்று கேட்டுக் கைதட்டல் பெற்றார். அத்தகைய இடம் ஒன்றில், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் மேரி தெருவில், ஒரு நண்பகலில் அமர்ந்து உண்டவன் நான். (மசாலா அங்கே அதிகம் மணக்கவில்லை என்பது வேறு வருத்தம்.)

அந்தப் புனித மரியாள் ஆலயம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1747இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அங்கே பிரசங்கம் செய்தார்; அயர்லாந்தின் விடுதலைப் போராளி வுல்ஃப் டோன் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் ஆலயம் மூடப்பட்டது. மழை ஓயாத அந்த ஊரில் கூரைப் பலகைக் கல் ஒன்று நழுவினால் நீர் உத்தரத்துக்குள் இறங்கும், உத்தரம் உளுத்தால் சுவர் விலகும். இதைத் தடுக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும், பணத்துக்கு அன்றாடம் ஆள்வரவு வேண்டும். பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்பட்டு 2005இல் அது உணவகமாகத் திறக்கப்பட்டதால்தான், ரெனேட்டஸ் ஹாரிஸ் என்ற கைவினைஞர் செய்த ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழாய் வரிசையை, ஆட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கும் முன்னே இருக்க, நான் அண்ணாந்து பார்க்க முடிந்தது.

எதிரணியின் வலுவான ஆயுதம், விவிலியத்தில் உள்ள திருத்தூதர் பவுலின் கடிதம். உண்ணவும் குடிக்கவும் உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று கிரேக்க நகரமான கொரிந்தின் சபையாரை அவர் கடிந்துகொண்டது உண்மை. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பதே அவருடைய கேள்வி. ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்ததைத்தான் அவர் கண்டித்தார். உணவு புனிதத்தைக் கெடுக்கும் என்று சொல்லவில்லை. அந்தச் சபை கூடியதே ஒரு பந்தியைச் சுற்றித்தான், அதுவும் வீடுகளில். சபை என்றால் மக்கள் என்பதே அவர் போதனை. அந்த மக்கள் போய்விட்ட பிறகு எஞ்சியிருக்கும் கல்லுக்கு, அவர்கள் இருந்தபோது இல்லாத தீட்டை நாம் ஏன் கற்பிக்க வேண்டும்?

மது விற்கிறார்களே என்பீர்கள், விற்கிறார்கள், மறைக்கவில்லை. 1761இல் அதே ஆலயத்தில் மணமுடித்தவர் ஆர்தர் கின்னஸ். மது வடிப்பவர் என்பதற்காகச் சபை அவரை வாசலில் நிறுத்தவில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1993இல் மூடப்பட்ட கத்தோலிக்க ஆலயம் 1996இல் பியர் வடிக்கும் உணவகமானபோது, வடிகலன்களைப் பீடம் இருந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். அது எனக்கும் நெருடல்தான். வழிபாட்டுக்கு உதவாத ஆலயத்தை இழிவல்லாத உலகப் பயன்பாட்டுக்கு ஆயர் விடலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி. இழிவு எது என்பதில் வாதாடுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அது மேசையை எங்கே போடுவது என்ற வாதம். மேசையே கூடாது என்ற வாதமன்று.

புத்தகக்கடை ஆக்கலாமே என்றார் மற்றொரு நண்பர். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் தொமினிக்கன் துறவியரின் 13ஆம் நூற்றாண்டு ஆலயத்தை 2006இல் அப்படித்தான் ஆக்கினார்கள். அதற்கு முன் அது மிதிவண்டி நிறுத்துமிடமாகக்கூட இருந்திருக்கிறது. இன்று அங்கே பாடகர் மேடைப் பகுதியில் சிலுவை வடிவ மேசை போட்டுக் காபி கொடுக்கிறார்கள். புத்தகத்தை அழைத்தாலும் பின்னாலேயே காபி வந்துவிடுகிறது, நண்பரே!

கல்லறையருகே விருந்தா என்றும் கேட்டீர்கள். டப்ளினில் ஆலயத்தை ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டம், உணவகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பொதுப் பூங்காவாக்கப்பட்டு, பெயர் பொறித்த கற்கள் ஓர் ஓரமாக அடுக்கப்பட்டன. அங்கே யாரும் சமைக்கவில்லை. ஆயினும் எந்தக் கல் எவர் தலைமாட்டில் நின்றது என்பதை இன்று அந்த இடம் சொல்லாது. உணவகத்துக்குள்ளோ, நினைவுப் பலகைகள் பதித்த சுவரிலேயே இருக்கின்றன. என் மேசைக்கு மேலிருந்த ஒன்றை, ரொட்டி வருவதற்குள் முழுவதுமாகப் படித்து முடித்தேன். மணி அடித்துவிட்டது; நன்றி.