மகாகனம் சாஸ்திரியாரும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையும்

விழாத் தலைவர் தமிழாசிரியர் பெருமகனார் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அலமாரிகளை ஒதுக்கி இடம் செய்து தந்த நூலகர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

1869 செப்டம்பர் 22 அன்று இதே வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்த மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை ஆசிரியராக, சட்டமன்ற உறுப்பினராக, தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பிரதிநிதியாக, மூன்று நிலைகளில் காட்ட விரும்புகிறேன். "பதறாத காரியம் சிதறாது" என்று என் பாட்டி ஓயாமல் சொல்வார். சாஸ்திரியார் கடைப்பிடித்த, சட்டவழியில் நிதானமாகப் போராடும் மிதவாதம் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், 1904இல் அங்கே கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவர், 1907இல் மிதவாதத் தலைவர் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1913இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பின்னர் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குச் சென்றார்.

அந்த டெல்லி சபையில் 1919 பிப்ரவரி 7 அன்று நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விசாரணையின்றிச் சிறையிட வழி செய்யும் ரௌலட் மசோதா வந்திருக்கிறது. பார்வையாளராகக் காந்தியடிகள் அமர்ந்திருக்கிறார். இந்தியச் சட்டசபை ஒன்றின் நடவடிக்கையை அவர் நேரில் பார்த்தது அந்த ஒரு முறைதான். சாஸ்திரியார் எழுகிறார். கெட்ட சட்டம் ஒன்று நிறைவேறிவிட்டால் அது கெட்டவர்கள்மீது மட்டுமே பாயும் என்பதற்கு உறுதியில்லை என்று அரசாங்கத்தை எச்சரிக்கிறார். வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைக் கண்ட காந்தியடிகள், இவர் மனம் இளகியிருக்க வேண்டும் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டார். மசோதாவோ மார்ச் மாதம் சட்டமாயிற்று. உண்மையாகத் தூங்குகிறவனைத்தான் எழுப்ப முடியும், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் இதை எழுதிவைத்தார்.

அந்த மசோதாவுக்கு எதிராகக் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தபோது, சாஸ்திரியார் அதையும் வெளிப்படையாக எதிர்த்தார். அம்முடிவு சரியென்று நான் வாதாட மாட்டேன். ஆயினும் இருவரின் நட்பு முறியவில்லை; 1946 ஜனவரியில், சென்னைப் பொது மருத்துவமனையில் சாஸ்திரியார் நோயுற்றுக் கிடந்தபோது, காந்தியடிகள் தேடி வந்து பார்த்தார். பதறாத காரியம் மட்டுமன்று, பதறாத நட்பும் சிதறாது.

தென்னாப்பிரிக்கப் பணியை விரிக்க நேரமில்லை. இந்தியப் பிள்ளைகளுக்காக அவர் நிதி திரட்டி எழுப்பிய சாஸ்திரி கல்லூரி டர்பனில் நிற்கிறது என்பதோடு நிறுத்துகிறேன்.

பத்து ஆண்டுகளாக நான் மேடைதோறும் வைக்கும் கோரிக்கையை இங்கும் வைக்கிறேன்: ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை விவாத மன்றத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். நான் கேட்பது பட்டிமன்றம் அன்று. பட்டிமன்றத்தில் பிள்ளை கைதட்டலுக்காகப் பேசுகிறது. விவாத மன்றத்தில், எதிரணி சொன்னதை முதலில் அவர்களே ஒப்பும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறைக்கான மனு வாசலில் நூலகர் மேசைமேல் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட்டுத் தொடங்கிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.