பிரகாசம் தெரிகிறதே, ஒளிர்வின் ஆயுளை ஏன் அளக்க வேண்டும்?

தக்கலையில் முதுகலை தாவரவியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள்: "சார், ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கியில் எது ஒளிர்கிறது, எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரிகிறதே. பிறகு ஒளிர்வின் ஆயுளை அளந்து படமாக்கும் ஃபிளிம் (FLIM) எதற்கு? குளச்சல் கடலில் சில இரவுகளில் மின்னும் நீல வெளிச்சத்தையும் அதில் அளக்கலாமா?"

நல்ல கேள்வி மக்களே. முதல் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஒரு மூலக்கூறு ஒளியை வாங்கிக் கிளர்ந்த நிலைக்குப் போகிறது. அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேறு நிறத்தில் ஒளியை விட்டுக் கீழே இறங்குகிறது. இதுதான் ஃபுளோரசன்ஸ், அதாவது ஒளிர்வு. அந்தக் கொஞ்ச நேரத்தின் சராசரிதான் ஒளிர்வு ஆயுள். பெரும்பாலான சாயங்களுக்கு அது சில நானோ நொடிகள்; ஃபுளோரசீனுக்குச் சுமார் 4. ஒரு நானோ நொடியில் ஒளியே 30 செ.மீ. தூரம்தான் போகும் என்றால் எவ்வளவு சின்ன நேரம் என்று பாருங்கள்.

சாயம் கூடினால் பிரகாசம் கூடும், லேசரைக் கூட்டினாலும் கூடும், சாயம் வெளுத்தால் குறையும். படத்தில் ஓர் இடம் மங்கலாக இருந்தால் இதில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயுள் இவற்றுக்கு அவ்வளவாக அசைவதில்லை. மூலக்கூறைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதற்குத்தான் அது அசையும்: ஆக்சிஜன், அமிலத்தன்மை, பிசுபிசுப்பு, பக்கத்தில் நிற்கும் இன்னொரு மூலக்கூறு.

உன் பாடத்திலேயே உதாரணம் இருக்கிறது. நம்மூர் ரப்பர் இலையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டி, அந்தப் பச்சைக் கரைசலில் நீல ஒளி அடித்தால் சிவப்பாக ஒளிரும். கரைசலில் பச்சையத்தின் ஆயுள் 5 நானோ நொடிக்குக் கிட்ட இருக்கும். உயிருள்ள இலையிலோ அது ஒரு நானோ நொடிக்கும் கீழே போய்விடும். ஒளிச்சேர்க்கை அந்த ஆற்றலைப் பறித்துக்கொள்கிறது. வெயில் மிஞ்சி அந்த வழி அடைபட்டால் ஆயுள் நீளும். மிஞ்சிய ஆற்றலை இலை வெப்பமாகக் கழிக்கத் தொடங்கினால் மறுபடி குறையும். இலைக்குள் இடத்துக்கு இடம் இதைப் படமாகவே பார்க்க முடிவது எனக்கு இன்றும் பெரிய விஷயம்தான்.

சரி, எப்படி அளப்பது? அதிகம் புழங்குவது போட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணும் முறை. லேசர் நொடிக்கு 8 கோடி தடவை துடிக்கிறது என்றால், இரண்டு துடிப்புக்கு நடுவே 12.5 நானோ நொடி. துடிப்புக்குப் பிறகு போட்டான் வந்து சேரும் நேரத்தைக் குறித்து, ஆயிரக்கணக்கில் சேர்த்தால், ஒளிர்வு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று காட்டும் கோடு கிடைக்கும்; ஆயுளை அதிலிருந்துதான் எடுக்கிறோம். இங்கே பலர் கோட்டை விடுவது வெளிச்சத்தைக் கூட்டுவதில். மணி அடித்த பிறகு முதலில் வருபவரின் நேரத்தை மட்டும் எழுதும் வாசற்காரர் மாதிரிதான் அந்தக் கருவி. கூட்டமாக வந்தால் பிந்தி வந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், ஆயுள் பொய்யாகக் குறைந்து தெரியும். அதனால் 100 துடிப்புக்கு 1 முதல் 5 போட்டானுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். லேசரை ஏற்ற இறக்கமாக்கி, ஒளிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிடும் வழியும் உண்டு.

பயன் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஃப்ரெட் (FRET): ஒரு சாயம் தான் வாங்கிய ஆற்றலை ஒளியாக விடாமல், ஒட்டி நிற்கும் இன்னொரு சாயத்துக்கு நேரடியாகக் கொடுப்பது. இரண்டு புரதம் ஒட்டி நிற்கிறதா என்பதைச் சாதாரண நுண்ணோக்கி சொல்லாது. 200 நானோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் அதற்கு ஒரே புள்ளி. அதனால் புரதம் ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தை ஒட்டிவிடுவார்கள்; ஃப்ரெட் 10 நானோமீட்டருக்குள் மட்டுமே நடக்கும். கொடுக்கும் சாயத்தின் ஆயுள் 2.5 நானோ நொடியிலிருந்து 2 ஆக இறங்கினால், ஆற்றலில் 20 சதவீதம் பக்கத்துச் சாயத்துக்குப் போகிறது என்று அர்த்தம். கொடுக்கும் சாயத்தைத் தனியாக வைத்து முதலில் அளக்காமல் இதைச் சொல்லவே கூடாது.

அப்புறம் சாயமே போடாத வேலை. செல்லில் இயல்பாக இருந்து ஆற்றல் வேலைக்கு உதவும் மூலக்கூறு என்.ஏ.டி.எச். (NADH); அதன் ஆயுள், தனியாக இருந்தால் சுமார் 0.4 நானோ நொடி, புரதத்தோடு சேர்ந்தால் 2-க்கும் மேலே. செல் சர்க்கரையைச் சிதைக்கும் விதம் மாறினால், தனியாக இருப்பதற்கும் சேர்ந்து இருப்பதற்கும் உள்ள விகிதமும் மாறும். புற்றுநோய் ஆய்வில் இதைக் கவனிப்பது அதனால்தான். ஆனால் இது செல்லின் போக்கைக் காட்டுமே தவிர, இது புற்றுநோய்தான் என்று முத்திரை குத்தாது.

கடல் வெளிச்சத்துக்கு வருவோம். அதை இப்படி அளக்க முடியாது. அது கடலில் உள்ள நுண்ணுயிரிகளுக்குள் வேதிவினையில் பிறக்கும் ஒளி. லேசர் துடிப்பு மாதிரி ஒரு தொடக்க நேரம் கிடையாது, எதிலிருந்து எண்ணுவது? ஆனால் அந்த நுண்ணுயிரிகளில் பச்சையம் உள்ள வகை கிடைத்தால், நீல லேசர் அடித்து அந்தப் பச்சையத்தின் ஆயுளைத் தாராளமாக அளக்கலாம்.