எதிராளி இல்லாமல் ஆடும் ராணி: எகிப்தின் செனெட்

[திரையில்: நெஃபர்தாரியின் கல்லறை ஓவியம்]

இந்த ஓவியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நெஃபர்தாரி, இரண்டாம் ராம்செஸின் பட்டத்து ராணி. தலையில் கழுகுக் கிரீடம். உள்ளே கை தெரியும் அளவுக்கு மெல்லிய வெள்ளை லினன் உடை. ஒரு கையில் செங்கோல், இன்னொரு கை முன்னால் உள்ள பலகையை நோக்கி நீள்கிறது. பலகையில் காய்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் எதிரே ஆளைக் காணோம்.

ஓவியர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் வரைந்த இந்தக் கல்லறையை 1904-இல் இத்தாலிய ஆய்வாளர் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தார். அதில் போகிறபோக்கில் வரைந்த கோடு ஒன்றுகூடக் கிடையாது. எதிராளி இல்லை என்பதுதான் படத்தின் விஷயமே.

அந்த விளையாட்டின் பெயர் செனெட். எகிப்தில் சுமார் மூவாயிரம் ஆண்டுகள் ஆடினார்கள்.

[திரையில்: பலகை, மேலிருந்து]

பலகையில் 30 கட்டங்கள்: மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து. முதல் வரிசையில் ஒரு பக்கமாகப் போகும் காய், இரண்டாவதில் திரும்பி வந்து, மூன்றாவதில் மறுபடி முன்னே போகும். ஆளுக்கு ஐந்து அல்லது ஏழு காய்கள். தாயக்கட்டையின் வேலையை இங்கே நான்கு குச்சிகள் செய்கின்றன. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. எத்தனை குச்சி தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுகிறதோ, அதைப் பொறுத்துக் காய் நகரும். எல்லாக் காயையும் முதலில் வெளியேற்றியவருக்கு வெற்றி.

சரி, இதில் ஆன்மிகம் எங்கே வந்தது? ஆரம்பத்தில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

[திரையில்: சக்காரா, ஹெசி-ரேயின் கல்லறை]

ஜோசர் மன்னரின் அதிகாரி ஹெசி-ரே. உலகின் முதல் பல் மருத்துவர் என்று பெயர் வாங்கியவர் இவர்தான். கி.மு. 2650 வாக்கில் கட்டிய இவருடைய கல்லறைச் சுவரில் செனெட் பலகை இருக்கிறது. கூடவே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: கட்டில், நாற்காலி, பெட்டி, ஜாடி. மறுமைக்கு எடுத்துப்போகும் வீட்டுச் சாமான்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். அதே காலத்தின், அதாவது வரலாற்றாசிரியர்கள் 'பழைய அரசு' என்று சொல்லும் காலத்தின், மற்றக் கல்லறைகளில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள். பக்கத்தில் பாட்டு, நடனம். வீட்டில் ஒரு நல்ல சாயங்காலம் எப்படி இருக்குமோ அப்படி.

அப்புறம் ஒரு திருப்பம். சவப்பெட்டிகளின் உட்புறத்தில் மந்திரங்கள் எழுதும் வழக்கம் பரவுகிறது. அவற்றில் ஒன்று இறந்தவருக்காக வேண்டுகிறது: இவர் பாடட்டும், ஆடட்டும், பூமியில் இருப்பவர்களோடு செனெட் விளையாடட்டும், உருவம் தெரியாவிட்டாலும் குரல் கேட்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கட்டும். இறந்தவர் வந்து உட்கார ஏதோ ஒரு இடம் வேண்டும். கோயிலை விட்டுவிட்டு அதற்கு ஒரு விளையாட்டுப் பலகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எதிராளி இன்னும் இருக்கிறார். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

நெஃபர்தாரி வாழ்ந்த 'புது அரசு'க் காலம் வரும்போது அந்த எதிராளியும் படத்திலிருந்து நழுவிவிடுகிறார். 'இறந்தோர் நூல்' என்று நாம் சொல்லும் தொகுப்பின் 17-ஆம் மந்திரம், இறந்தவர் செய்யப்போவதை அடுக்குகிறது: விரும்பிய உருவம் எடுப்பது, பந்தலில் உட்கார்ந்து செனெட் ஆடுவது, உயிருள்ள 'பா'வாக வெளியே போவது. 'பா' என்பது மனிதத் தலை கொண்ட பறவையாக அவர்கள் வரைந்த ஆன்மா. நெஃபர்தாரியின் ஓவியம் இந்த மந்திரத்துக்கான படம்தான். அதில் ராணிக்கு அடுத்து நிற்பது அந்தப் பறவை. எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. விதி என்று சிலர் விளக்குகிறார்கள்.

[திரையில்: கடைசி ஐந்து கட்டங்கள், நெருக்கத்தில்]

இதற்கேற்ப, வெறுமையாக இருந்த கட்டங்களில் அடையாளங்கள் கூடின. 26-ஆம் கட்டம் 'நல்ல வீடு'. உடலைப் பதப்படுத்தும் கூடத்துக்கும் அதே பெயர்தான் என்று தெரிந்ததும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அதைத் தாண்டியதும் 27-இல் தண்ணீர், காய் மூழ்கும் இடம். 28-க்கும் 29-க்கும் மூன்று, இரண்டு என்ற குறிகள். சில பலகைகளில் அங்கே தெய்வங்களே நிற்கிறார்கள். 30 ஹோரஸுக்கு, அதாவது உதிக்கும் சூரியனுக்கு. பதப்படுத்தும் கூடம், தண்ணீர், தெய்வங்கள், சூரியன்: பாதாளத்தைக் கடந்து சூரியக் கடவுள் ராவோடு சேரும் பயணம் பத்துக் கட்ட வரிசை ஒன்றின் கடைசியில் அடங்கிவிட்டது.

தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் 1922-இல் திறந்த துட்டன்காமுன் மன்னரின் கல்லறையிலும் செனெட் பெட்டிகள் கிடைத்தன. பெரியது கருங்காலியில் செய்தது. பூனையினக் கால்கள், அவற்றுக்குக் கீழே சறுக்குவண்டி. பெட்டியைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கத்தில் இருபது கட்டங்கள் கொண்ட வேறொரு விளையாட்டு! மறுமைக்கான புனிதப் பொருள் மட்டும்தான் என்றால் அந்த இரண்டாவது விளையாட்டுக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே எகிப்தியர் எல்லாரும் பயபக்தியோடு ஆடினார்கள் என்று படம் காட்டுபவர்களை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கேலிச்சித்திரப் பாப்பிரஸ் (நாணல் தாள்) இருக்கிறது. சிங்கமும் மானும் எதிரெதிரே உட்கார்ந்து செனெட் ஆடுகின்றன. சிங்கத்தின் முகத்தில் ஒரு இளிப்பு. நெஃபர்தாரியின் ஓவியத்துக்கு அதிக காலம் பிந்தியது அல்ல இது. கல்லறையில் ஆன்மாவின் பயணம், வெளியே சிங்கத்தின் கூத்து. இரண்டும் ஒரே பலகைதான்.

[திரையில்: இன்றைய செனெட் பெட்டி]

ஆட விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். விதிகளை எகிப்தியர் எழுதி வைத்ததாக எதுவும் கிடைக்கவில்லை. இன்று புழங்கும் விதிகள் திமதி கெண்டல், ஆர். சி. பெல் போன்ற ஆய்வாளர்கள் படங்களையும் பலகைகளையும் வைத்து ஊகித்தவை. 27-இல் தண்ணீரில் விழுந்த காய் 15-க்குத் திரும்ப வேண்டும் என்பதும் அப்படி வந்ததுதான். ஆனால் சில பலகைகளில் 15-ஆம் கட்டத்தில் தவளை இருக்கிறது. எகிப்தியருக்குத் தவளை மறுபிறப்பின் அடையாளம். மூழ்கிய காய் மறுபடி பிறக்க அதைவிடப் பொருத்தமான கட்டம் பலகையில் இல்லை என்பதால், இந்த ஒரு ஊகத்தை நான் நம்புகிறேன்.