செஸ் என்ஜின் எதையெல்லாம் பார்க்காமல் விடுகிறது?

(திரையில்: நடு ஆட்டப் பலகை, அதிலிருந்து கிளைகள் விரிகின்றன)

நடு ஆட்டத்தில் ஒரு நிலைக்குச் சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கும். செஸ் ஆடும் கணினி நிரலான என்ஜின், ஆளுக்கு மூன்று நகர்த்தல் தூரம் பார்க்க 35-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 184 கோடி நிலைகள்! இவற்றில் பெரும்பகுதியைத் தொடாமலே அதே விடையைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தேடல் உத்திதான் ஆல்ஃபா-பீட்டா.

உங்கள் முதல் நகர்த்தலை ஆராய்ந்தாயிற்று. ஆட்டம் சமமாக நிற்கும் என்று தெரிந்தது. அடுத்து, குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டிப் பார்க்கிறீர்கள். எதிராளியின் முதல் பதிலிலேயே ராணி பறிபோகிறது. அவருக்கு இன்னும் 34 பதில்கள் இருக்கலாம். அவற்றை ஏன் பார்க்க வேண்டும்? அதைவிடக் கொடிய பதில் இருந்தாலும் நம் முடிவு மாறப்போவதில்லை; குதிரை நகர்த்தல் ஏற்கெனவே தோற்றுவிட்டது.

(திரையில்: அந்தக் கிளை மங்குகிறது)

ஆனால் இதெல்லாம் வரிசையைப் பொறுத்தது. சிறந்த நகர்த்தல் எப்போதும் முதலில் வந்தால், அந்த 184 கோடி வெறும் 85,749 ஆகச் சுருங்கும். கணினி அறிஞர்கள் டொனால்ட் குனூத்தும் ரொனால்ட் மூரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக அலசினார்கள். மோசமானவை முதலில் வந்தால் வேலை எதுவும் மிச்சமாகாது. அதனால்தான் என்ஜின்கள் முந்தைய தேடலில் வென்ற நகர்த்தலையும், சிறு காயால் பெரிய காயை வெட்டுவதையும் முதலில் பார்க்கின்றன. என்ஜின் எழுதுபவர்கள் முதலில் உழைக்க வேண்டிய இடம் இது என்பேன்.

சரி, இதுவரை விடை மாறவில்லை. இனி வருவது துணிச்சல். பட்டியலின் கடைசியில் வரும் நகர்த்தல்களை ஆழம் குறைத்து, அதாவது குறைந்த நகர்த்தல் தூரத்துக்கு மட்டும், தேடுவது ஒன்று. எதிர்பாராமல் நல்லதாகத் தெரிந்தால் முழு ஆழத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

இன்னொன்று நல் மூவ் (null move), அதாவது வெற்று நகர்த்தல். நம் முறையை எதிராளிக்கு இலவசமாக விட்டுக்கொடுத்துக் குறைந்த ஆழத்தில் தேடுகிறோம். அப்போதும் நம் கை ஓங்கியிருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

(திரையில்: வெள்ளை ராஜா டி6, சிப்பாய் இ7, கறுப்பு ராஜா இ8)

இங்கே கறுப்பின் முறை. எஃப்7-க்குப் போவதைத் தவிர வழியில்லை. உடனே வெள்ளை ராஜா டி7-க்கு வர, சிப்பாய் ராணியாகிவிடும். சும்மா இருக்க முடிந்தால் கறுப்புக்கு டிரா! நல் மூவ் அந்த டிராவைப் பார்த்து ஏமாந்துபோகும். ஆகவே, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய பக்கத்துக்கு என்ஜின்கள் பொதுவாக இந்தச் சோதனையைச் செய்வதில்லை. செக்கில் இருக்கும்போதும் செய்யக்கூடாது: முறையை விட்டுக்கொடுத்தால் ராஜாவையே வெட்டிவிடுவார்கள்.