யாருடைய உலகம் அழிகிறது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்போல் இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில் மக்களே, வணக்கம்.

'நவீன கவிதை காட்டும் உலக அழிவு அச்சத்தின் குரலா, விழிப்பின் குரலா?' என்பது இன்றைய தலைப்பு. விழிப்பின் குரலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் புரட்சியைக் கண்டு நடுங்கிய மனிதர் என்றார். ஆங்கிலக் கவிஞர் எலியட் மனம் நொந்து கிடந்தபோது எழுதியவர் என்றார். 'உலகம் இடிமுழக்கத்தோடு முடியாது, முனகலோடு முடியும்' என்று 1925-இல் பாடிய அதே எலியட்டிடம் போய் விழிப்பைத் தேடலாமா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்கிறேன். அதற்கு முன் நம் வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம்.

'பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்கிறது சிலப்பதிகாரம். நம் கடலைப் பற்றிய வரி. ஆறு போயிற்று, மலை போயிற்று. அடுத்த வரியில் என்ன வருகிறது? 'வடதிசைக் கங்கையும் இமயமும் கொண்டு தென்திசை ஆண்ட தென்னவன் வாழி!' தெற்கே இழந்த பாண்டியன் வடக்கே பிடித்து ஈடுகட்டிக்கொண்டான், அவன் வாழ்க. பழைய கவிஞருக்கு அழிவைச் சொன்ன கையோடு வாழ்த்த ஓர் அரசன் இருந்தான். 1918-இல் முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பா தன் பிணங்களை எண்ணியபோது, கவிஞனுக்கு வாழ்த்த யாரும் மிஞ்சவில்லை. அதனால் இடிபாட்டின் பக்கத்திலேயே நின்றான். அங்கிருந்து நகராமல் பார்த்தான். நவீன கவிதையில் புதிதாக வந்தது இந்த நிற்றல்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, யேட்ஸுக்கு வருவோம். அவருடைய 'இரண்டாம் வருகை' என்ற கவிதை 1919 தொடக்கத்தில் எழுதியது. முதல் காட்சியிலேயே ஒரு வல்லூறு வானத்தில் வட்டமடிக்கிறது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. கீழே நின்று கூப்பிடுகிறவனின் குரல் அதன் காதில் விழவில்லை. அப்புறம்தான் 'எல்லாம் சிதறுகிறது, மையம் தாங்கவில்லை' என்ற பெயர்பெற்ற வரி வருகிறது. எல்லோரும் அந்த வரியை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய வரி. கவிஞர் கணக்கில் எல்லாமே உடைவது, கூப்பிடும் குரல் போய்ச் சேராத இடத்திலிருந்துதான்.

இருபது வருடமாக இந்தக் கவிதையை வகுப்பில் நடத்தி வந்தேன். அந்த வல்லூறு எனக்கு விளங்கியது 2017-இல்தான். நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் சுறா தேடி நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவை என்பது உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை வந்தபோது அவை கரையின் குரல் எட்டாத தூரத்தில் இருந்தன. அந்த வாரம் கடற்கரையில் ஓர் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். கையில் சின்ன பட்டன் போன். எண்ணை அழுத்துவார், காதில் வைக்க மாட்டார், ஸ்பீக்கரில் போடுவார். 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.' அணைப்பார். மறுபடி அழுத்துவார். அதே குரல். பேட்டரி தீர்ந்துவிடும் என்று மகள் பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. யேட்ஸின் கவிதையைப் பயந்தவன் புலம்பல் என்று அதற்குமேல் என்னால் நடத்த முடியவில்லை, நடுவர் அவர்களே. கரைக்கும் படகுக்கும் நடுவே எது அறுந்தது, அதை யார் கட்டியிருக்க வேண்டும் என்று கேட்கவைக்கிற கவிதை அது.

எதிரணித் தலைவர் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். யேட்ஸுக்குப் புரட்சி என்றால் பயம் இருந்தது. அந்தக் கவிதையின் கையெழுத்து வரைவுகளில் பிரெஞ்சுப் புரட்சியும் ரஷ்யாவும் வருகின்றன. மேல்தட்டு வாழ்க்கை கலைவது அவருக்கு உலகமே கலைவதாகப் பட்டது. அதே ரஷ்யாவை நம் பாரதி எப்படிப் பார்த்தார்? 'ஆகாவென் றெழுந்ததுபார் யுகப்புரட்சி' என்றார். ஜார் அரசனைச் சூழ்ந்திருந்தவர்கள் சரிந்ததை, 'புயற்காற்றுஞ் சூறை தன்னில் திமுதிமென மரம்விழுந்து காடெல்லாம் விறகான செய்தி போலே' என்று பாடினார். ஒக்கிக்கு மறுநாள் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பால் வடிக்கக் கட்டிய சிரட்டையோடு மரங்கள் முறிந்து கிடந்தன. 'திமுதிமென' எப்படிப்பட்ட சொல் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் அழுத அதே காட்சியில் பாரதி ஒரு கொடுங்கோன்மை முடிந்ததைப் பார்த்தார். 'இடிபட்ட சுவர்போலே கலிவிழுந்தான், கிருதயுகம் எழுக மாதோ!' என்று முடித்தார்.

ஒரே சரிவு. ஒருவருக்கு நடுக்கம், இன்னொருவருக்கு விடியல். ஆகவே ஊழிக் காட்சி வந்தாலே அச்சம் என்று முத்திரை குத்த முடியாது. சரிகிற வீட்டில் யார் மாடியில் இருந்தார், யார் தொழுவத்தில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வையைத்தான் விழிப்பு என்கிறேன். இதைக் குமரி மாவட்டத்துக்காரனுக்கு யேட்ஸ் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே சொல்லிவிட்டார். தலைவரி கேட்டு, தலைப்பாகை கட்டாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்காதே என்று மிரட்டிய திருவிதாங்கூர் ஆட்சியை, அவர் வழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை 'கலிநீசன்' என்றது. கலி அழியும், தர்மயுகம் வரும் என்றது. அம்மானை நவீன கவிதை அல்ல, தெரியும். ஆனால் 'உலகம் அழியப்போகிறது' என்ற சொல்லைக் கேட்டு அன்று ஒடுக்கப்பட்டவன் நிமிர்ந்தான். இன்றைக்கும் அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள். அச்சத்தின் குரலா அது?

இனி அந்த முனகல். எதிரணித் தலைவர் அய்யா, உலகம் முனகலோடு முடியும் என்றால் அது சோர்வு என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். நாஞ்சில் நாடு என்றால் நெல். நமக்குச் சோறு போட்ட வயல்கள் எப்படிப் போயின? வெடிச்சத்தம் கேட்டதா? ஒரு பூ, அதாவது ஒரு போகம், விதைக்கவில்லை. அடுத்த பூவில் நாலு லோடு மண் விழுந்தது. அப்புறம் வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல். பக்கத்து வயலுக்குப் போகும் ஓடை அடைபட்டது, அவரும் விற்றார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தமில்லாமல் முடிகிற முடிவை நம் காதுக்குக் கேட்கவைப்பதுதானே அந்த வரி செய்கிற வேலை?

எலியட் மனம் நொந்தபோது எழுதினார் என்பதும் உண்மைதான். 1921-இல் வங்கி வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஓய்வில் இருந்தபோதுதான் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதையின் பெரும்பகுதி உருவாயிற்று. அடுத்த வருடம் வெளிவந்தது. ஆனால் நொந்தவர் தன்னைப் பற்றி மட்டுமா எழுதினார்? லண்டன் பாலத்தில் காலைப் பனிமூட்டத்தில் ஒரு கூட்டம் போகிறது. மணி ஒன்பது அடிக்கப்போகிறது, வேலைக்குப் போகிற கூட்டம். ஒவ்வொருவரும் தன் காலடியை மட்டும் பார்த்து நடக்கிறார்கள். 'சாவு இத்தனை பேரைத் தீர்த்துவிட்டதா' என்று தாந்தேயின் நரகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து அவர்கள் மேல் போர்த்துகிறார். அந்தக் காட்சியில் தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. பக்கத்தில் வருகிறவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சமூகச் சரிவு என்று கண்டுபிடிக்க நொந்த மனம் வேண்டியிருந்தது என்றால், அந்த மனத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கவிதை முடிகிற இடத்துக்கு வருகிறேன். கோபுரங்கள் விழுகின்றன: ஜெருசலேம், ஏதென்ஸ், அலெக்சாந்திரியா, வியன்னா, லண்டன். தண்ணீர் இல்லை, பாறைதான். அப்போது இடி பேசுகிறது. 'த, த, த.' பிருகதாரண்யக உபநிடதத்தின் இடி. அங்கே அந்த ஒற்றை 'த'வுக்குத் தேவர்களுக்கு 'அடங்கு', மனிதர்களுக்கு 'கொடு', அசுரர்களுக்கு 'இரங்கு' என்று பொருள், அந்த வரிசையில். எலியட் அதை மாற்றினார். 'கொடு' என்பதை முதலில் வைத்தார். மனிதனுக்குச் சொன்னதை முன்னுக்குக் கொண்டுவந்தார். பயந்து ஓடுகிறவன் இப்படி நின்று வரிசை மாற்றிக்கொண்டிருப்பானா?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 மாலையில் குளச்சலிலிருந்தும் மணக்குடியிலிருந்தும் மக்கள் உள்ளூர்களுக்கு ஓடி வந்தார்கள். மணக்குடிப் பாலத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டோம், உலை வைத்தோம், பீரோவிலிருந்த புடவையை எடுத்துக் கொடுத்தோம். சாதியும் மதமும் யாரும் கேட்கவில்லை. அது ஒரு மாதம். அந்த மாதத்துக்குப் பிறகு?

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எலியட் 'கொடு' என்ற சொல்லைக் கட்டளையாக விட்டுவிடவில்லை. அடுத்த மூச்சிலேயே இறந்தகாலத்தில் கேட்கிறார்: 'நாம் என்ன கொடுத்தோம்?' அந்தக் கேள்வியை எதிரணியின் முன் வைத்துவிட்டு அமர்கிறேன்.