தொழிலாளியின் பணத்தில் ஓடும் பேருந்து

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நட்டமும் தொழிலாளர் தகராறும் தீர வேண்டுமானால் ஆள்களைக் குறைக்க வேண்டும், ஒப்பந்தப் பணியாளர்களைச் சேர்க்க வேண்டும், வருமானம் இல்லாத வழித்தடங்களை நிறுத்த வேண்டும் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறையை அரசே ஏற்க வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

இந்த நட்டம் எங்கிருந்து வந்தது? 2011 நவம்பரில் உயர்த்தப்பட்ட பேருந்துக் கட்டணம், அடுத்து 2018 ஜனவரியில்தான் உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் உதிரிபாகங்களின் விலை ஏறாமல் இருக்கவில்லை. 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்கான சலுகை விலையை மத்திய அரசு விலக்கிக்கொண்டபோது, பணிமனையிலேயே டீசல் நிரப்பிவந்த அரசுப் பேருந்துகள் தனியார் பங்க்குகளுக்குப் போய் நிரப்ப வேண்டியதாயிற்று. இவற்றில் எந்த முடிவை ஓட்டுநர் எடுத்தார், எந்த முடிவை நடத்துநர் எடுத்தார்? ஏழை மக்களுக்காகக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்ததை நான் குறை கூறமாட்டேன். அதற்கான செலவைக் கழகங்களின் தலையில் கட்டியதைத்தான் குறை கூறுகிறேன்.

தகராறும் அங்கிருந்தே கிளம்புகிறது. சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும் பிடித்த பணத்தை உரிய இடத்தில் கட்டாமல், அன்றாடச் செலவுக்குத் திருப்பினார்கள் என்பது தொழிற்சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவர், ஓய்வுபெறும் நாளில் மாலையையும் சால்வையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். பணிக்கொடைக்காக அதன் பிறகு மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு நடக்கிறார். அவரிடம் போய்ச் சிக்கனம் பேச எப்படி மனம் வருகிறது?

ஊதிய ஒப்பந்தத்துக்கும் இதே கதிதான். 2019 ஆகஸ்டில் காலம் முடிந்த ஒப்பந்தத்துக்கு அடுத்தது 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. அதற்கு முன், 2018 ஜனவரியில், பொங்கல் நெருங்கிய வேளையில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்து மக்கள் தவித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் சிக்கலை ஒப்படைத்த பிறகே பேருந்துகள் வழக்கம்போல் ஓடின. கையில் பணம் இல்லாத நிர்வாகம் பேச்சுவார்த்தையில் தவணைதான் கேட்கும், வேறென்ன செய்யும்?

வருமானம் இல்லாத வழித்தடம் என்கிறார்களே, அதில் போகிறவர் யார்? காலை முதல் டிரிப்பில் பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளும், மடியில் காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்களும்தான். வசூல் குறைவு என்று அந்த வண்டியை நிறுத்தினால், அந்தப் பிள்ளைகளில் சிலர் பள்ளியிலிருந்தே நின்றுவிடுவார்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய, அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குத் தருகிறது. இதே ஏற்பாட்டை இத்தகைய வழித்தடங்களுக்கும் விரிவுபடுத்தச் சொல்கிறோம்.

வீண்செலவைத் தடுக்க வேண்டும் என்று எதிரணியினர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஒவ்வொரு பணிமனையின் வரவு செலவும் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். கூடவே, பற்றாக்குறைத் தொகையை அரசு மாதந்தோறும் தரட்டும். பிடித்த பணம் அந்தந்த மாதமே உரிய கணக்கில் சேரட்டும். ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே பேச்சு தொடங்கட்டும். நடுவர் அவர்கள் இவற்றைக் கருத்தில்கொண்டு தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.