கூன் விழுந்த முதுகுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் மக்களே, ராமேஸ்வரம் பக்கத்துல இருக்க மண்டபம் ஊர் கடற்கரையில இருந்து பேசுறேன், காத்து பயங்கரமா அடிக்குது, மைக்குல இரைச்சல் வந்தா பொறுத்துக்கங்க.

எங்க அப்பத்தா சின்ன வயசுல இருந்து கடல்ல மரிக்கொழுந்துங்குற கடல்பாசி எடுத்தவங்க, இப்ப நல்லா கூன் விழுந்துருச்சு, ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறுது. கருவாட்டுக் குழம்புதான் காரணம்னு தெருவே தீர்ப்பு சொல்லிருச்சு. முதுகை ஒருத்தரும் சேத்துப் பாக்கல.

குனிஞ்சு குனிஞ்சு பாசி எடுத்ததாலதான் கூன்னு இங்க சொல்லுவாங்க, ஆனா அதுமட்டும் இல்ல. வயசாக வயசாக தண்டுவட எலும்புகளுக்கு நடுவுல இருக்க டிஸ்க் வத்திப்போகும், பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னபிறகு எலும்பும் மெலிஞ்சு, கீழ விழாமலே முதுகெலும்பு நசுங்கிரும், பலபேருக்கு அது வலிக்கக்கூட செய்யாது, உயரம் குறைஞ்சு சேலை தரையில இழுபடும்போதுதான் தெரியும்.

முதுகு வளைஞ்சா விலாவெலும்பு இடுப்புப் பக்கம் இறங்கிரும், வயித்துக்குள்ள இடம் கம்மியாகி இரைப்பை அமுங்கும். சால்னா பார்சல் கவரை அமுக்குனா முடிச்சு வழியா கசியும்ல, அதேதான். சிலருக்கு இரைப்பையோட மேல்பகுதியே நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத் தசையில இருக்க ஓட்டை வழியா நெஞ்சுக்குள்ள ஏறிரும், ஹையாட்டஸ் ஹெர்னியாங்குறது அதான். இதுல முதுகுவலிக்குன்னு மெடிக்கல்ல பெல்ட் வாங்கி இறுக்கிக் கட்டுறாங்க பாருங்க, வயித்தை இன்னும் அமுக்குது. வலி மாத்திரை வேற சும்மா சும்மா போடுவாங்க, அது இரைப்பையைப் புண்ணாக்கும்.

தலகாணிய ரெண்டா அடுக்குனா கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ஆறு எட்டு இஞ்ச் உயரத்துக்கு ஆடாத மாதிரி செங்கலோ கட்டையோ குடுங்க, இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. நான் வச்சதுக்கு "சறுக்கி கால்மாட்டுக்கு வந்துருவேன் போலடா"ன்னு அப்பத்தாட்ட ஒரே ஏச்சு. ராத்திரி சாப்பாட்ட படுக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சிரணும், எங்க வீட்ல சீரியல் முடியாம சோறு கிடையாது, அதான் பெரிய போராட்டம்.

இன்னொரு முக்கியமான விஷயம், எலும்பு பலத்துக்கு வாரம் ஒருதடவை குடுக்குற அலெண்ட்ரோனேட் மாத்திரைய காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணியோட முழுங்கிட்டு அரைமணி நேரம் நிமிந்து உக்காரணும், படுத்தா உணவுக்குழாய அரிச்சிரும். நிமிந்து உக்கார முடியாதவங்கன்னா டாக்டர்ட்ட முதல்லயே சொல்லிருங்க. பான்டாப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரையும் டாக்டரைக் கேக்காம வருஷக்கணக்குல போடாதீங்க, ரொம்பநாள் போடுறவங்களுக்கு எலும்பு முறிவு கொஞ்சம் கூடுதலா வருதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க.

முழுங்க சிரமப்பட்டாலோ, எடை குறைஞ்சாலோ, மலம் கருப்பாப் போனாலோ எண்டோஸ்கோப்பி பாக்கணும். நெஞ்சுவலியோட வேர்வை, மூச்சுத்திணறல்னா கேஸ்னு சோடா உடைச்சுக் குடுத்துட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே 108-க்குப் போன் போட்டு ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டுப் போங்க.